இலையோரம் ஒரு பல்

என் அக்கா வீட்டுக்காரர் பல் டாக்டர். எந்த விசேஷமானாலும் பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில்தான் உட்காருவேன். சோறு விழுந்ததும் என் முன்பல்லைக் கழற்றி அவர் இலையோரம் வைப்பேன். கழற்றி மாட்டும் பொய்ப்பல்தான். ஆனால் அதைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது.

காரணம் இருக்கிறது. ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் தோல் பதனிடும் ஷாப்பில், தோலை உருட்டும் டிரம்மின் கதவிலிருந்த இரும்புப் பட்டை வாயில் அடித்து, பல் வேரோடு கையில் வந்துவிட்டது. அவர் கிளினிக் பக்கத்துத் தெரு. ரத்தம் சொட்டச் சொட்ட ஓடினேன். மாமா பல்லை வாங்கி ஸ்பிரிட்டில் முக்கி, வேரைச் சுரண்டினார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இனிமே ஆவாது மச்சான்" என்று குப்பைக் கூடையில் போட்டார். நான் நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு வேலூரில் பொய்ப்பல் செய்த டாக்டரம்மா கேட்டார்: "லேசா தண்ணியில அலசி, உடனே அதே குழியில வெச்சிருந்தா ஒட்டியிருக்குமே. வேரை யார் சுரண்டுனது?"

மாமாவிடம் போய்க் கேட்டால், "அதெல்லாம் புக்குல போட்டிருப்பான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் பந்திக்குப் பந்தி பதில் வைத்தேன். அக்கா கெஞ்சிப் பார்த்தாள். நான் விடவில்லை.

போன தை மாதம் ராணிப்பேட்டையில் ஒரு கல்யாணம். பிளஸ் டூ படிக்கும் மாமாவின் மகள் மண்டபப் படியில் வழுக்கி விழுந்தாள். முன்பல் தனியாகக் கிடந்தது. மாமா வேரில் விரல் படாமல் அதை எடுத்தார். தண்ணீரில் ஒரு அலசு அலசி, அதே இடத்தில் அழுத்தி வைத்து, கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லிக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். பல் ஒட்டிக்கொண்டது.

வைகாசியில் ஒரு காதுகுத்து. "பாருங்க மாமா" என்று அந்தப் பெண் என்னிடம் வந்து பல் தெரியச் சிரித்தாள். எனக்கு நிஜமாகவே சந்தோஷம். அவள் அப்பன் மேல் இருந்த ஆத்திரம் மட்டும் இரண்டு மடங்கானது.

பந்தியில் அவர் மெதுவாகச் சொன்னார்: "உன் பல்லு போனதுக்கு அப்புறம்தான் மச்சான் அதைப் படிச்சேன். இன்னும் இன்னா செய்யணும், சொல்லு."

"எனக்கு முன்னாடி படிச்சிருக்கணும் மாமா."

பல்லைக் கழற்றினேன். இந்த முறை இலையோரம் இல்லை, அவர் சோற்றின் மேலேயே வைத்தேன். மாமா அதை எடுத்து என் இலைப்பக்கம் நகர்த்திவிட்டு, தன் இலையை மூடி எழுந்து போனார். நான் பாயசத்தை இரண்டு முறை வாங்கிக் குடித்தேன்.