வாழைமரம் போட்ட நோட்டு

என் கணவர் மலாயாவில் ரயில்வே கிளாக்கராக இருந்தார். கலியாணம் முடிந்த சில மாதங்களிலேயே திரும்பவும் கப்பலேறிவிட்டார். வீடு பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுவதாகச் சொன்னார். கூப்பிடவில்லை. மணியோடர் மட்டும் மாதந் தவறாமல் வந்தது.

ஊரில், சண்டிலிப்பாயில், அண்ணையின் வீட்டுக்குப் பக்கத்து வளவில் இருந்தேன். அயலில் யாரைக் கண்டாலும், "என்ன பிள்ளை, காசு வந்திட்டுதோ?" என்றுதான் கேட்பார்கள்.

"ஓம், வந்தது," என்பேன். அவர் சுகமாயிருக்கிறார் என்பதும் அதற்குள் அடங்கிவிடும். வருஷங்கள் போகப்போக அவருடைய முகம் எனக்குச் சரியாக நினைவுக்கு வரவில்லை.

பிறகு யப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான். மணியோடரும் நின்றது, கடிதமும் நின்றது. தொடக்கத்தில் எல்லோரும் வந்து விசாரித்தார்கள். பிறகு விசாரிப்பதை விட்டுவிட்டார்கள். கோயிலில் குங்குமம் நீட்டுகிற பெண்கள் என்னிடம் வரும்போது கொஞ்சம் தயங்கினார்கள்.

அழ வேண்டும் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை. அரிசி விலை ஏறிக்கொண்டிருந்தது. காப்பை அடைவு வைத்தேன். குத்தகைக்கு விட்டிருந்த சீதனக் காணியைத் திருப்பி எடுத்து வெங்காயம் நட்டேன். கிணற்றடியில் அண்ணை துலா மிதித்தார், நான் பாத்திகளுக்குத் தண்ணீர் கட்டினேன். யுத்தகாலத்தில் வெங்காயத்துக்கு நல்ல விலை. காப்பை மீட்டேன். அவர் அனுப்பியதைவிடக் கூடுதலாகக் கையில் நின்ற மாதங்களும் உண்டு. அதிலும் எனக்குச் சந்தோஷம் இருக்கவில்லை.

யுத்தம் முடிந்து, ஒருநாள் மத்தியானம் அவர் வந்து வாசல் படலையடியில் நின்றார். எலும்புந் தோலுமாக இருந்தார். வண்டிக்காரன் ஒரு தகர றங்குப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போனான். உள்ளே வந்ததும் அதைத்தான் முதலில் திறந்தார். நிறைய நோட்டுக் கட்டுகள். நோட்டுகளில் வாழைமரம் போட்டிருந்தது.

"உதுகள் என்ன?" என்று கேட்டேன்.

"யப்பான்காரன் தந்த சம்பளம். உமக்கெண்டுதான் சேர்த்தனான். அவன் தோத்துப்போக, இப்ப செல்லாது."

"செல்லாதெண்டு தெரிஞ்சுமோ கொண்டந்தனீங்கள்?"

"எறிய மனம் வரேல்லை. பட்டினி கிடந்து மிச்சம் பிடிச்சது."



"கால் முகம் கழுவிப்போட்டு வாங்கோ, சோறு போடுறன்," என்றேன்.

சாப்பிடும்போது, "நீர் எப்பிடிச் சீவிச்சனீர்?" என்று கேட்டார்.

"வெங்காயம் வைச்சனான்."

தலையாட்டினார்.

அவர் திரும்பிப் போகவில்லை. மலாயாவைப் பற்றிக் கதைக்கவுமில்லை. தோட்டத்துக்கு வந்து பார்த்தார், மண்வெட்டி பிடித்துக் கை கொப்பளித்துப் போயிற்று. ஒருநாள் நான் சந்தைக்கு வெளிக்கிடும்போது குசினி வாசலில் வந்து நின்றார்.

"இஞ்சரும், சுருட்டுக்குக் கொஞ்சம் காசு தாரும்."

கொடுத்தேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கினார். நானும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்பதும் நான் கொடுப்பதும் பழகிப்போயின.

மாரி தொடங்கியபோது வீட்டில் எலித்தொல்லை கூடியது. காயவைத்த பனங்கிழங்கான ஒடியலைப் போட்டுவைக்க நல்ல மூடியுள்ள பெட்டி ஒன்று தேவைப்பட்டது. அவரிடம் றங்குப்பெட்டியைக் கேட்டேன். அவரே நோட்டுக் கட்டுகளை எடுத்துச் சாக்கில் போட்டுக் கட்டி, பெட்டியைத் துடைத்துத் தந்தார். சாக்கை எங்கே கொண்டுபோனார் என்று நான் கேட்கவில்லை.

அந்த மாரிக்கு ஒடியல் பழுதாகவில்லை.