மாப்பிள்ளைக்கு வைத்த டிப்ஸ்

பில் வைத்துக் கொண்டுவரும் அந்தச் சின்ன எவர்சில்வர் தட்டில் எப்போதும் லேசாக ஈரம் இருக்கும். அதில் ஒட்டிக்கிடக்கும் சோம்பையும் சர்க்கரையையும் விரலால் வழித்து வாயில் போட்டால் முதலில் இனித்து, அப்புறம் தொண்டைவரை ஒரு குளிர்ச்சி இறங்கும். ஒன்பது வயதில் மதுரையில் உனக்குப் பிடித்த பண்டம் எது என்று யாராவது கேட்டிருந்தால், தோசையை விட்டுவிட்டு இந்தச் சோம்பைத்தான் சொல்லியிருப்பேன்.

அப்பா செல்லூரில் நான்கு விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தறியை நிறுத்திவிட்டு என்னையும் அம்மாவையும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போவார். சாப்பிட்டு முடித்ததும் பில் பணத்தோடு இரண்டு ரூபாய் கூடுதலாகத் தட்டில் வைப்பார். அந்த இரண்டு ரூபாய்க்காக வீடு வந்து சேரும்வரை அம்மா விடமாட்டாள். "நீங்க ராவும் பகலும் ஓட்டுற துணிக்கு எவனாச்சும் மேல ரெண்டு ரூபா வச்சுட்டுப் போறானா?" என்பாள். சர்வருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியது முதலாளி, அதை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பது அவள் கட்சி. சம்பளம் தோசையைக் கொண்டுவந்து வைப்பதற்கு, கேட்காமலே இரண்டாம் தடவை சட்னி ஊற்றுகிறானே அதற்குத்தான் இது என்பது அப்பாவின் கட்சி. நான் அப்பா பக்கம். கொள்கையெல்லாம் ஒன்றுமில்லை, டிப்ஸ் வாங்கிய சர்வர் அடுத்த மாதம் எனக்குச் சோம்பு அதிகமாகக் கொண்டுவருவார்.

அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், விரல்களுக்குள் மூன்று தண்ணீர் டம்ளரை இடுக்கிக்கொண்டு, தோளில் மேசை துடைக்கும் துண்டோடு என் மாமா எங்கள் மேசைக்கு வந்தார். மாமா என்றால் அப்பாவின் தங்கையான எங்கள் பசுமலை அத்தையின் வீட்டுக்காரர். கப்பலூரில் ஒரு கம்பெனியில் "சூப்பர்வைசர்" என்றுதான் சொந்தபந்தம் முழுக்க அவரை அறியும். தேய்த்த சட்டையும் டிபன் கேரியருமாகத் தினமும் காலையில் பஸ் ஏறுகிறவர். அந்தக் கம்பெனி மூடிப் பல மாதம் ஆகியிருந்தது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. எங்களைப் பார்த்த பிறகு திரும்பிப் போக அவருக்கு வழியில்லை.

எங்கள் பக்கத்தில் பெண் கட்டிய மாப்பிள்ளை என்றால் சும்மா இல்லை. அவர் வீட்டுக்கு வந்தால் அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். முதல் இலை அவருக்குத்தான். அவர் சாப்பிட்டு எழும்வரை மற்றவர்கள் எழக்கூடாது. அந்த மனிதர் சுவரைப் பார்த்தபடி "இட்லி, பொங்கல், வடை, பூரி" என்று எங்களிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார். எல்லா சர்வரையும் "தம்பி" என்று கூப்பிடும் அப்பாவுக்கு இவரை என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. அம்மாவோ பழக்கதோஷத்தில் சட்டென்று எழுந்தே நின்றுவிட்டாள்.

"உக்காருங்க தங்கச்சி, மொதலாளி பாக்குறாரு" என்று மாமா மெதுவாகச் சொன்னார். "மாமா" என்று கத்தப் போன என்னை அம்மா மேசைக்கு அடியில் கிள்ளிய கிள்ளில் அந்தச் சொல் உள்ளேயே நின்றுபோனது. அன்றைக்கு என்ன சாப்பிட்டோம் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

பில் வந்ததும் வீட்டு வழக்கம் தலைகீழானது. ஏதாவது வைத்துவிட்டு வாருங்கள் என்று முணுமுணுத்தது அம்மா. வைக்கத் தயங்கியது அப்பா. இரண்டு ரூபாயை வைத்தால் மாப்பிள்ளையை வேலையாளாக நினைத்ததாக ஆகும். வைக்காமல் எழுந்தால், கண்ட சர்வருக்கெல்லாம் வைக்கிறவர் தனக்கு மட்டும் கையை இழுத்துக்கொண்டார் என்று ஆகும். கடைசியில் அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. காதுகுத்து, கல்யாணம் என்று விசேஷ வீட்டில் வைக்கும் மொய்யை நாங்கள் "செய்முறை" என்போம். எவ்வளவு வைத்தாலும் அதன்மேல் ஒரு ரூபாய் சேர்த்துத்தான் வைப்போம். அப்பா ஐம்பது ரூபாய்த் தாளை வைத்து, அதன்மேல் ஒற்றை ரூபாய் நாணயத்தையும் வைத்து, தட்டை இரண்டு கையாலும் பிடித்து மாமா பக்கம் நகர்த்தினார். இது டிப்ஸ் இல்லை, முறை என்று சொல்லாமல் சொல்லிவிட்டதாக அவருக்கு நினைப்பு.

மாமாவுக்குப் புரிந்தது. புரிந்ததுதான் வினை. முகம் செத்துப்போனது. தட்டைக் கொண்டுபோய், பில் பணத்தைக் கல்லாவில் கொடுத்துவிட்டு, ஐம்பத்தொரு ரூபாயையும் பக்கத்தில் பூட்டுப் போட்டிருந்த ஒரு மரப்பெட்டிக்குள் போட்டார். எந்த மேசையில் விழும் டிப்ஸும் அந்தப் பெட்டிக்குத்தான் போகும், இலை எடுப்பவர், மாவு அரைப்பவர் வரைக்கும் அதில் பங்கு உண்டு என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது. கை கழுவிவிட்டு வந்த அப்பாவை மாமா வாசலருகே நிறுத்தினார்.

"மச்சான், இங்க வைக்கிறது எல்லாருக்கும் பொது. எனக்குச் செய்யணும்னா வீட்டுக்கு வாங்க. ஒங்க தங்கச்சிக்கு மட்டும் இது தெரிய வேணாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பசுமலைக்குப் போனோம். மாமா வந்து உட்காரும்வரை அப்பா உட்காரவில்லை. கம்பெனியில் வேலை எல்லாம் எப்படிப் போகிறது மாப்ள என்று அத்தை காதில் விழும்படி கேட்டார். ஏதோ போகிறது மச்சான் என்றார் மாமா. அதன்பிறகு அந்த ஹோட்டல் பக்கமே அப்பா எங்களைக் கூட்டிப்போகவில்லை. மனுஷனை நிம்மதியாக வேலை பார்க்க விடுவோம் என்றார். என் மாதாந்திர தோசையும் சோம்பும் போன கோபத்தில் மாமாவை நான் வெகுநாள் கறுவிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இன்று அந்த ஹோட்டல் இருந்த இடத்தில் செல்போன் கடை. சென்ற மாதம் நாற்கரச் சாலையில் ஒரு ஹோட்டலில் அத்தையையும் கூட்டிக்கொண்டு சாப்பிட்டோம். தட்டும் இல்லை, பெட்டியும் இல்லை. போனில் பணம் கட்டும்போதே டிப்ஸ் எவ்வளவு என்று அதுவே கேட்கிறது. பில்லிலேயே சர்வீஸ் சார்ஜ் போட்டுவிட்டார்களே, பிறகு எதற்கு என்றார் என் கணவர். போனில் போடுவது யார் கைக்குப் போகிறதோ, கையிலேயே கொடுத்துவிடலாம் என்றான் மகன். இவர்கள் பேசப் பேச எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை தாங்க முடியாமல் வந்துவிட்டது. மாமா போய் ஆறு வருஷமாகிறது, இனி யாருக்காக ஒளிப்பது என்று அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அத்தை மோரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"பனியனத் தொவைக்கிறவளுக்குத் தெரியாதாடி? மொத வாரமே சாம்பார் வாசம் அடிச்சுச்சு. அவரா சொல்லட்டும்னு இருந்தேன். சொல்லாமலே போயிட்டாரு."

அத்தனை வருஷமும் அத்தை தெரிந்தே காலையில் அந்தச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். இதைக் கேட்டிருந்தால் மாமாவின் மனபாரம் இறங்கியிருக்கும். தட்டில் வைத்த அந்த ஒரு ரூபாயையும் தங்கையிடம் மறைத்ததையும் நினைத்துக் கடைசிவரை குமைந்த அப்பாவுக்கும் இறங்கியிருக்கும். போய்ச் சொல்லலாமென்றால் இரண்டு பேரும் இல்லை.