சிவப்பு ஸ்டிக்கர்

டேப்பைக் காதருகே கொண்டுபோய் இரண்டு தடவை மெல்லக் குலுக்குகிறார் டேப்பக்கா. உள்ளே ஏதாவது கடகடத்தால் அதன் கதை முடிந்தது. சத்தமில்லை. "வாயத் திறக்க மாட்டேங்குறான். அழுத்தக்காரன்" என்று மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்கிறார்.

மருத்துவமனையின் அடித்தளத்தில், ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியாத குளிர் அறை அது. பழைய ஸ்கேன் படங்களெல்லாம் உள்ளங்கையளவு டேப்புகளில் பதிவாகியிருக்கின்றன. பழுதான டேப்பில் உள்ளதைப் புதியதற்கு மாற்ற வேண்டும். பிறகு பழையதன் முதுகில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் காந்தப் பெட்டியில் போட்டால், இருந்த தடயமே தெரியாமல் அழிந்துவிடும். "பத்தொம்பது வருஷமா இங்கதான் குப்ப கொட்டுறேன்" என்பார், குரலில் பெருமை தெரியாமல் பார்த்துக்கொண்டு.

நகல் ஏறியதும் திரையில் 'முடிந்தது' என்று வரும். அதை அவர் நம்புவதில்லை. படங்களைத் திறந்து பார்த்தபிறகே ஸ்டிக்கரை ஒட்டுவார். "டேப்புக்குப் பிரசவம் பாக்குறாங்க" என்று மாடியில் கிண்டல் செய்வார்கள்.

ஒரே ஒருமுறை நம்பினார். பழையதை அழித்த மறுவாரம் ஒரு தாய் வந்தாள். மகளின் ஆபரேஷனுக்கு முன் அவளுடைய பழைய இருதய ஸ்கேனை டாக்டர் பார்க்க வேண்டுமாம். புதிய டேப்பில் பெயர்ப்பட்டியல் மட்டும் ஏறியிருந்தது, படம் ஒன்றுகூட இல்லை. டேப்பக்காவே மேலே போய்ச் சொன்னார். "பரவால்லம்மா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள் அந்தத் தாய். திட்டியிருந்தால் தேவலை. அந்தப் 'பரவால்ல' இன்றைக்கும் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

இப்போது கையில் இருப்பது 412-ஆம் எண் டேப். பழைய ரகம். இதைப் படிக்கும் கடைசி இயந்திரத்தை மாலை ஐந்து மணிக்குக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். மூன்று முறை ஓட்டியாயிற்று. நாலாயிரத்துச் சொச்சம் படங்கள் வந்துவிட்டன, ஒன்று மட்டும் அடம்பிடிக்கிறது. மணி நாலேகால்.

மேனேஜர் கதவருகே வந்து நிற்கிறார். "ஒண்ணுதானே அக்கா, விட்டுத் தள்ளுங்க. அழிச்சிடலாம்னு நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

"ஒண்ணுன்னா ஒரு ஆளு சார்."

"ஆள் வந்து கேட்டாத்தானே?"

டேப்பக்கா, உரித்துத் தயாராக விரல்நுனியில் வைத்திருந்த சிவப்பு ஸ்டிக்கரைத் தன் ஸ்வெட்டர் கையிலேயே ஒட்டிக்கொண்டு, 412-ஐ நாலாவது முறையாக இயந்திரத்துக்குள் தள்ளுகிறார்.