குப்பைக்கு வாய் திறக்காத கருவி

எண்பதுகளின் நடுவில், ரொறன்ரோவுக்கு வந்த புதிதில், நானும் அறைத்தோழன் சிவமும் ஞாயிறுகளில் ஏரிக்கரை மணலில், உலோகம் கண்டால் சத்தமிடும் கருவிகளோடு தேடித் திரிவோம். சிவத்தின் மலிவுக் கருவி சோடா மூடிக்கும் கத்தும். என்னுடையது புது மொடல். குமிழைத் திருகிவிட்டால் குப்பைக்கு வாய் திறக்காது. அதைச் சொல்லிச் சொல்லியே அவனை மட்டந்தட்டுவேன்.

ஒருநாள் நடுவயது அன்ரி ஒருவர், மோதிரம் மணலில் விழுந்துவிட்டதென்று அழுதபடி வந்தார். அவர் காட்டிய இடத்தை என் கருவியால் துழாவினேன். சத்தமே இல்லை.

"இஞ்ச இல்லை அன்ரி. என்ர மெசின் தங்கத்தை விடாது."

சற்றுமுன் பக்கத்தில் கிண்டிக்கொண்டிருந்தவன் சிவம். அன்ரிக்கு முன்னாலேயே அவனைக் கேட்டேன்: "நீ எடுத்தனியோ?"

அவன் கால்சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காட்டினான். துருப்பிடித்த மூடிகள்தான் விழுந்தன. பிறகு தன் கருவியை அதே இடத்தில் பிடித்தான். கத்தியது. கிண்டி, மெல்லிய மோதிரமொன்றை எடுத்து அன்ரியிடம் கொடுத்தான்.

வீடு திரும்பும் பஸ்ஸில்தான் வாய் திறந்தான். "குமிழைத் திருகிவைச்சா மெல்லிய தங்கத்தையும் உன்ர மெசின் குப்பையெண்டுதான் நினைக்கும்."

கருவியின் குமிழைத் திருகியவன் நான். சிவத்தைச் சந்தேகிக்க என்னை யாரும் திருகவில்லை.