எட்டாத காது

மருதம்மாளுக்குப் பொறாமை பசி மாதிரி. வேளை தவறாமல் வரும். பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால்கூட, தனக்கென்று வாங்கிய கருவாட்டை எவளோ தட்டிக்கொண்டு போனதுபோல முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

பாலிங் போகும் சாலையில் இருந்த எங்கள் மூங்கிலடி ரப்பர் தோட்டத்தில் அவள்தான் ஆயா. விடியலில் மரத்தில் பால் வெட்டப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் அவளிடம் விட்டுப் போவார்கள். விட்டத்தில் தூளி கட்டுவாள், டின்பால் கரைத்துக் கொடுப்பாள், மூக்குச் சிந்திவிடுவாள். கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் பிறந்த பிள்ளை எதுவானாலும் முதலில் சொல்லும் வார்த்தை 'ஆயா'தான் என்று பெற்றவளை வைத்துக்கொண்டே பீற்றிக்கொள்வாள். அந்த வாய்க்கு யார் பதில் சொல்வது? புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபின் அவளுக்கென்று இருந்தது மகள் பூவாயியும் அந்தக் கொட்டகையும்தான்.

அந்தக் கொட்டகையின் நடுவே ஒரு நாள் மூங்கில் தட்டி முளைத்தது. அந்தப் பக்கம் இனிமேல் பள்ளிக்கூடம் என்றார்கள். தோட்டத்துத் துரை ஆசைப்பட்டு வைத்தது இல்லை. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் நடத்தியாக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் என்று சொன்ன சட்டம் சுவர் வேண்டும் என்று சொல்லவில்லையாம். ஆகவே தட்டி போதும் என்று துரை முடிவு செய்துவிட்டார்.

சுங்கை பட்டாணியிலிருந்து பரஞ்சோதி வாத்தியார் வந்து இறங்கினார். வெளுத்த வேட்டி, ஒரு குடை, ஒரு கட்டுச் சிலேட்டு. அந்தச் சிலேட்டைப் பார்த்ததும் மருதம்மாளுக்கு வயிறு எரிந்தது.

"என் தூளித்துணி பூரா பொத்தல். அவனுக்கு மட்டும் சட்டம் போட்ட சிலேட்டா?" என்று தண்ணீர்க் குழாயடியில் நாளெல்லாம் பொருமினாள்.

மழைக் காலத்தில் கூரை ஒழுகியது. ஓட்டை சரியாகத் தட்டிக்கு நேர் மேலே இருந்ததால் இரண்டு பக்கமும் சொட்டியது. மருதம்மாள் ஆபீசுக்குப் போய் நின்றாள். தோட்டத்துக் கணக்கெல்லாம் எழுதும் பெரிய கிராணியார் கனகசுந்தரம் யாழ்ப்பாணத்துக்காரர், கோபப்படாத மனிதர்.

"நான் என்ன செய்யிறது, மருதம்மாள்? காசெல்லாம் பள்ளிக்கூடத்துக்கெல்லே போகுது" என்றார்.

அதே வாரம் கூரை விஷயமாகப் போன வாத்தியாரிடம், "காசெல்லாம் ஆயாக் கொட்டகைக்கெல்லே போட்டாச்சு, மாஸ்டர்" என்று அதே குரலில் சொல்லியிருக்கிறார். இரண்டு பக்கத்துக்கும் ஒரு சல்லிக்காசு வரவில்லை என்பதை இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். எங்கே கேட்டார்கள்? கிராணியாரின் மகன் அலோர் ஸ்டாரில் இங்கிலீஷ் பள்ளியில் படித்தான். அங்கே மழை உள்ளே வராது.

கூரையைக்கூட மருதம்மாள் பொறுத்திருப்பாள். பூவாயியைத்தான் பொறுக்க முடியவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் போனதிலிருந்து அந்தப் பெண் வாயைத் திறந்தால் வாத்தியார் புராணம்தான். ஒரு சாயங்காலம் சிலேட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"யம்மா, இது என்னன்னு சொல்லு?"

"எனக்கு என்னா தெரியும்?"

"ஒம் பேரும்மா! மருதம்மாள்!"

வேறொரு தாயாக இருந்தால் பிள்ளையைக் கட்டிக்கொண்டிருப்பாள். இவள் முகம் கறுத்தது. "எம் பேர அவனா ஒனக்குச் சொல்லிக் குடுக்கணும்?" என்று உள்ளங்கையால் சிலேட்டைத் துடைத்துவிட்டாள்.

அந்த எரிச்சல் எப்படியோ கிராணியார் காதுக்குப் போனது. அவரே அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"பள்ளிக்கூடத்தைப் பார்க்கக் கவர்மெண்டுப் பெரியவர் வாறார். பிறந்த தேதி ஒருத்தருக்கும் தெரியாது. தலைக்கு மேலாலை கையைப் போட்டுக் காதைத் தொடச் சொல்லுவம். தொட்ட பிள்ளை மாஸ்டரின்ரை பக்கம், தொடாதது உன்ரை பக்கம். உன்ரை பக்கம் பிள்ளை கூடினால் உனக்குப் புதுக் கூரை. விளங்குதோ?"

அவளுக்கு விளங்கியது அவ்வளவுதான். பெரிய பிள்ளைகளை ஏற்கெனவே காட்டில் புல் வெட்ட இறக்கியாயிற்று, பள்ளியில் இருப்பது பத்துக்குக் கொஞ்சம் மேல், நாலைந்து குறைந்தால் சட்டமே இந்தத் தோட்டத்தைக் கேள்வி கேட்காது என்பதெல்லாம் கிராணியாருக்கு விளங்கியிருந்தது.

மருதம்மாள் அதை ஒரு விளையாட்டாக்கினாள். பள்ளி விட்டதும் சின்னவர்களைக் கூட்டி வைத்துக்கொள்வாள். கை தலைக்கு மேலே போக வேண்டும், காதுக்கு ஒரு விரல்கடை முன்னால் நிற்க வேண்டும். சரியாக நிறுத்தியவன் வாயில் ஒரு கரண்டி டின்பால். தொட்டவனுக்கு ஒன்றும் கிடையாது. பிள்ளைகள் இரண்டே நாளில் தேறிவிட்டார்கள். வாத்தியார் பாடம்கூட அத்தனை சீக்கிரம் ஏறியதில்லை.

பெரியவர் காரில் வந்தார். பிள்ளைகள் வரிசையாகக் கையைத் தூக்கினார்கள். சின்னதுகளின் கையெல்லாம் காதுக்குப் பக்கத்தில் போய்ப் போய் நின்றது. வாத்தியாருக்கு வேர்த்தது. கடைசியாகப் பூவாயி. அவள் கை சுலபமாக இறங்கி வந்தது. தொடப் போகும் நேரத்தில் அம்மாவைப் பார்த்தாள். மருதம்மாள் உதட்டை இறுக்கினாள். விரல் நின்றுவிட்டது.

"தொடும்மா பூவாயி. நேத்துகூடத் தொட்டியே" என்றார் பரஞ்சோதி. குரல் கெஞ்சியது.

பூவாயி கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனாலும் தொடவில்லை. மகள் தன் பக்கம் வந்துவிட்டாள் என்று மருதம்மாளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பொறாமைக்காரிக்கு அப்படி ஒரு நிறைவு கிடைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பள்ளிக்கூடம் மூடப்பட்டது. வாத்தியார் சிலேட்டுக் கட்டோடு மாட்டு வண்டி ஏறினார். தட்டியைப் பிரித்து ஆபீஸ் சமையலுக்கு விறகாக்கினார்கள். கூரை ஒழுகிக்கொண்டே இருந்தது.

மறு மாதம் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தும் பெரட்டில் கணக்கு எடுக்கும்போது, புல் வெட்ட ஆள் பற்றவில்லை என்று பேச்சு வந்தது. கங்காணி பக்கிரிசாமி, ஆயாக் கொட்டகையில் சும்மா திரியும் பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். கிராணியார் பக்கத்தில்தான் நின்றார்.

"காதத் தொடுங்க பாப்போம்" என்றார் கங்காணி.

மருதம்மாள் ஓடிவந்தாள். "அதுங்க சின்னப்புள்ளைங்க கங்காணி! கை எட்டாது! கிராணியாரே பாத்தாரு, கேளுங்க!"

கிராணியார் ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூவாயி கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் அம்மா பக்கம் திரும்பினாள்.

"யம்மா, இப்பத் தொடலாமா?"

கங்காணி அந்தக் கையைப் பிடித்து லேசாக இழுத்தார். விரல்கள் காதைத் தாண்டிக் கன்னத்துக்கு வந்தன.