லேபிள் மாறிய காலை

அந்த மருத்துவமனையில் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவளுக்குப் ‘பூட்டக்கா’ என்று பெயர் விழுந்து வெகு காலமாகிறது. பாஸ்வேர்டு சரியாக இருந்தால் மட்டும் போதாது என்று நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி சர்வருக்குள் இன்னொரு காவலைக் கொண்டுவந்தவள் அவள்தான். உள்ளே வருகிறவர் ஒவ்வொருவர் மேலும் சர்வர் ஒரு லேபிள் ஒட்டும். அந்த லேபிளுக்கு உரிய கோப்புகளை மட்டுமே அவர் திறக்க முடியும்.

அன்று காலை பரிசோதனைக்கூடத்தில் எல்லோரும் லாகின் ஆனார்கள். ஒருவராலும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைத் திறக்க முடியவில்லை. டாக்டர்கள் போனில் கத்த ஆரம்பித்ததும் நிர்வாகி அவள் அறைக்கே வந்துவிட்டார். மத்தியானத்துக்குள் சரியாகாவிட்டால் காவலை அடியோடு அணைத்துவிட வேண்டியதுதான் என்றார். அணைத்தால், ஏதாவது ஒரு புரோகிராமில் ஓட்டை விழுந்தாலும் போதும், நோயாளிகளின் ரிப்போர்ட்டெல்லாம் வெளியே போய்விடும். அவள் அலட்டிக்கொள்ளவில்லை. சரி சார் என்று சொல்லிவிட்டுப் பரிசோதனைக்கூடத்துக்குப் போன் போட்டாள்.

எடுத்தது அங்கே டெக்னீஷியனாக இருக்கும் அவளுடைய நாத்தனார்.

“அண்ணி, வீட்லதான் பீரோவைப் பூட்டிட்டு சாவியைத் தேட விடுவீங்க. இங்கயுமா?”

“வாயடிக்காம நான் சொல்றதை டைப் பண்ணு. என்ன லேபிள் வருதுன்னு படி.”

படித்தாள். கூடத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, அப்படியொரு லேபிள். யாருக்கு எந்த லேபிள் என்ற ஏற்பாட்டைப் பூட்டக்கா சரிபார்த்தாள், அதில் பிசகில்லை. கணக்குப் பிரிவில் விசாரித்தாள். அங்கேயும் தப்பான லேபிள்தான். ஒருவருக்கு மட்டும் தவறினால் கோளாறு அவருடைய லாகினில். எல்லோருக்கும் தவறினால் வாசலில்தான். ஆட்களை உள்ளே விடும் லாகின் சர்வீஸின் லேபிளையே எடுத்துப் பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ‘அவசரம்’ என்று எல்லோரும் கூப்பிடும் நெட்வொர்க் இன்ஜினியர் பக்கத்து மேஜையில்தான் இருந்தார்.

“அண்ணே, லாகின் சர்வீஸை நேத்து நீங்களா ஸ்டார்ட் பண்ணீங்க?”

“ஆமா, தொங்கிப்போய் நின்னுச்சு. என் விண்டோலருந்தே கமாண்டைத் தட்டி விட்டேன். ஓடுதில்ல?”

“நல்லா ஓடுது. உங்க லேபிளை மாட்டிக்கிட்டு ஓடுது.”

சர்வர் தானே கிளப்பினால் அந்த சர்வீஸுக்கு அதற்குரிய லேபிள் கிடைக்கும். கையால் கிளப்பினால், கிளப்பியவருடைய லேபிள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் உள்ளே வருகிறவர்களுக்கு எதை ஒட்டுவது என்று அதற்குக் குழம்பிப்போகும். அவள் சர்வீஸை நிறுத்தி, முறையான கட்டளையால் சர்வரே அதைக் கிளப்பும்படி செய்தாள். தப்பான லேபிளோடு ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு அது மாறாது என்பதால், எல்லோரையும் வெளியேறி மறுபடி வரச் சொன்னாள். சற்று நேரத்தில் ரிப்போர்ட் திறந்துவிட்டதென்று நாத்தனாரிடமிருந்து தகவல் வந்தது. அப்படியானால் அணைக்க வேண்டாமா என்று நிர்வாகி இழுத்தார். வேண்டாம் சார் என்றாள்.

அவர் போனதும், கையால் கிளப்பினால் அந்த சர்வீஸ் ஓடவே கூடாது என்று ஒரு விதியை எழுதிச் சேர்த்தாள். அவசரத்தைக் கூப்பிட்டு, இப்போது தட்டிப் பாருங்கள் என்றாள். தட்டினார். சர்வர் மறுத்தது. இன்னொரு தரம் தட்டினார்.

“எனக்கேவா?”

“உங்களுக்கேதான்ணே.”