குடிலுக்கு முன்னால் கெட்டிமேளம்

வாசகசாலைப் பலகையைப் படிக்கும் நண்பர்களே, எல்லாரும் முணுமுணுக்கும் அந்த ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை நான் விதவிதமான இசைத்தட்டுகளாகச் சேர்ப்பது உங்களுக்குத் தெரியும். பிடில், மவுத் ஆர்கன், ஆர்மோனியத்தில் வாசித்த தட்டுகளெல்லாம் என்னிடம் உண்டு.

இன்று காலை வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு மாதா கோயிலில் அதே பாட்டை நாயனத்தில் கேட்டேன். கல்யாண வீடுகளுக்கு வாசிக்கிற அரிமளத்து மேளக்காரர்கள். அடேயப்பா, என்ன குழைவு!

பாட்டின் நடுவில் சாமியார் குழந்தை யேசுவைக் குடிலில் கிடத்தி, ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கினார்.

அவ்வளவுதான். தவில்காரர் கெட்டிமேளம் கொட்டிவிட்டார்! கூட்டமும் பழக்கதோஷத்தில் பூவை அள்ளித் தூவியது. யாரோ குலவையே போட்டுவிட்டார்கள்.

மேளம் ஓய்ந்ததும் தவில்காரருக்கு முகம் வெளிறிவிட்டது. "மன்னிச்சுக்கங்க சாமி. கையைத் தூக்குனீங்க, தாலி கட்டுற நெனப்புல அடிச்சுட்டேன்."

சாமியார் சிரித்தார். "பிள்ளை பொறந்திருக்குல்ல? இன்னொரு தடவை அடிங்க."

அடித்தார். நாயனக்காரர் விட்ட இடத்திலிருந்து பாட்டை மெதுவாக எடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து என் தட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். ஒன்றிலும் பிள்ளை பிறந்த மாதிரியே தெரியவில்லை.

அந்தத் தட்டுகளை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். கீழே பெயர் எழுதுங்கள்.